கிழக்கே தள்ளிக் கட்டிய வீடு

தங்கசாமி செய்தித்தாள் வாங்குகிற ஆள் இல்லை. அதனால் தான் பயிர் செய்கிற காட்டை ரயில்வேக்கு எடுக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு பேப்பரில் வந்தது அவருக்குத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் சிவக்குமார்தான் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கில் வந்தார். மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த தங்கசாமி மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். பொடி எழுத்தில் சர்வே எண்களாகவே இரண்டு பத்தி ஓடியது. ஓரிடத்தில் சிவக்குமார் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"இது நம்ம நம்பருங்களா?"

"ஆமாங்கய்யா. மேக்கால ஓடற தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு லைன் போடறாங்க. நம்ம பக்கமா வருது."

"எவ்வளவு தூரம் வருது?"

சிவக்குமார் மெல்லத் திரும்பினார். கிணற்றைப் பார்த்தார். மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார்.

"ஊடும் உள்ள வருதுங்க" என்றார்.

உள்ளேயிருந்து தங்கசாமியின் மனைவி பாப்பாயி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். வந்தவரை விசாரித்தாள், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள், போனாள். சிவக்குமார் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்ததும் மறுபடி வந்தாள். கையில் மறுபடி இரண்டு டம்ளர் மோர். "வெயில்ல வந்திருக்கறீங்க, குடிங்க சாமி." சிவக்குமார் தங்கசாமியைப் பார்த்தார். தங்கசாமி தரையைப் பார்த்தார். சிவக்குமார் அதையும் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது அவர் சொன்னது இது. பேப்பரில் வந்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரித்து அதிகாரி போடுகிற உத்தரவுதான் முடிவு. அதற்கப்புறம் இன்னொரு அறிவிப்பு வரும். அது வந்துவிட்டால் நிலம் அரசாங்கத்துடையது.

"எழுதிக் குடுத்தா நிப்பாட்டுவாங்களா தம்பி?"

"எழுதிக் குடுங்கய்யா" என்றார் சிவக்குமார்.

தங்கசாமி பாதி ஆயுளை ரிக் லாரியில் கழித்தவர். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு போடக் கிளம்புகிற வண்டியில் ஏறினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் ஓடும். அந்தப் பக்கம் மழை பிடித்து வேலை நின்றால்தான் வீடு. அப்படி ஒரு வருஷம் வந்து இறங்கியபோது, குடியிருந்த ஓலைச் சாளை இருந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டிக் கிடந்தது. மகள் மதுமதி அப்போது கைக்குழந்தை.

"நீங்க வார வரைக்கும் காத்திருந்தா, இவளுக்குக் கல்யாணமே ஆயிரும்" என்றாள் பாப்பாயி.

அவர் மறுபடி வண்டி ஏறிய பிறகு அவளே கல் இறக்கினாள். ஆள் பிடித்தாள். கொத்தனாரோடு மல்லுக்கு நின்றாள். இடுப்பில் பிள்ளையும் தலையில் சட்டியுமாக மண் சுமந்தாள். அடுப்படி எந்த மூலையில், அம்மிக்கல் எந்த உயரத்தில், கிணற்றடிக்குப் போகிற கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எல்லாம் அவள் வைத்ததுதான். பால் காய்ச்சிய அன்று தங்கசாமி வந்து சேர்ந்தார், விருந்தாளிகளோடு விருந்தாளியாக. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எந்தப் பக்கம் போவது என்று பாப்பாயியிடம் கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவள் பல வருஷம் சிரித்தாள்.

ஐம்பது வயதில் முதுகு விட்டுப்போய், ரிக்கை விட்டு வந்து காட்டில் இறங்கினார். மதுமதி கல்யாணமாகித் திருப்பூர் போனாள். அதன் பிறகு இரண்டு பேரும் கடலையும் சோளமும் மரவள்ளியுமாக ஒரு பத்துப் பதினைந்து வருஷம் நல்லபடியாக இருந்தார்கள். சேர்ந்து இருந்த காலம் என்று பார்த்தால் அதுதான்.

அப்புறம் பாப்பாயிக்கு மறதி வந்தது. முதலில் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. ராசிபுரம் சந்தைக்குப் போனவள் திரும்பி வரும் பஸ் எதுவென்று தெரியாமல் ஸ்டாண்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். பேத்தியின் பெயர் போனது, பிறகு மருமகனின் முகம் போனது. சேலத்தில் நரம்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது குறையாது, மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும் என்றார். ஆனால் வீட்டுக்குள் இருக்கும்வரை அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. கரண்ட் போனாலும் கை நேராகத் தீப்பெட்டிக்குப் போகும். பானையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது தட்டிப் பார்க்காமலே தெரியும்.

"பழகின இடம்ங்கறதால சமாளிச்சுக்கறாங்க" என்றார் டாக்டர். "இடத்தை மட்டும் மாத்தாதீங்க. மாத்துனா ஒரேயடியா இறங்கிரும்."

இதை நினைத்துக்கொண்டுதான் தங்கசாமி நாமக்கல்லில் வக்கீல் மணிமாறனைப் பார்க்கப் போனார். மணிமாறன் ரிக் கம்பெனிக்கு வழக்கு நடத்தின பழக்கத்தில் தெரிந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா அவங்க பாக்கறது, இந்தத் திட்டம் பொதுவுக்குத் தேவையா, இந்த இடம்தான் தேவையா, வேற வழி இருக்குதா, இதைத்தான். ஊட்டுல ஆருக்கு ஒடம்பு சரியில்லைங்கறது ஆட்சேபனைல நிக்காதுங்க."

"நிக்காட்டிப் பரவால்லீங்க. எழுதணும்."

"ரெண்டையும் எழுதலாம். லைனை மேக்க தள்ளிப் போடலாமேன்னு முதல்ல கேட்போம். அது நிக்கிற பாயிண்ட்."

மணிமாறன் மேற்கே தள்ளுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அதன் கீழே தங்கசாமி தன் கையெழுத்தில் நாலு வரி எழுதினார். என் மனைவிக்கு மறதி நோய். இந்த வீடு அவர் கட்டியது. இதற்குள் மட்டும்தான் அவருக்கு வழி தெரியும். அவர் உள்ள வரைக்கும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று பாப்பாயியைப் பக்கத்துக் காட்டுப் பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு நாமக்கல் போனார். நிலம் எடுப்புக்கென்று போட்டிருந்த டெபுடி கலெக்டர் உஷாராணி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். பக்கத்தில் ரயில்வே இன்ஜினியர் ஒருவர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். உஷாராணி மனு முழுவதையும் படித்தார். கடைசி நாலு வரியை மறுபடி படித்தார்.

"அவங்களுக்கு எவ்வளவு வருஷமா இப்படி இருக்குதுங்க?"

"நாலு வருஷமாச்சுங்கம்மா."

"உங்களைத் தெரியுதா?"

"தெரியுதுங்க. காலையில நல்லாத் தெரியும். பொழுதோட கொஞ்சம் தடுமாறும்."

உஷாராணி இன்ஜினியர் பக்கம் திரும்பினார். மேற்கே தள்ள முடியுமா என்று கேட்டார். இன்ஜினியர் பென்சிலால் காட்டினார். இந்த இடத்தில் பாதை வளைகிறது, இருந்தாலும் கஷ்டப்பட்டால் முடியும், ஆனால் அந்தப் பக்கம் குடியிருப்பு இருக்கிறது. பென்சில் முனை நின்ற இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"இந்த ஊடுங்க ஆருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் உஷாராணி.

தங்கசாமிக்குத் தெரியும். கருப்பண்ணனும் அவன் அண்ணன் தம்பிகளும் இருக்கிற வரிசை. கூலிக்குப் போகிறவர்கள். அரசு கொடுத்த இரண்டு சென்ட் பட்டாவில் கட்டிக்கொண்டு, போன வருஷம்தான் மேலே காங்கிரீட் போட்டார்கள். அங்கே பாதை வந்தால் வரிசை மொத்தமும் போய்விடும். எடுத்தது போக மீதி என்று அவர்களுக்கு ஒரு அடி நிலம் மிஞ்சாது.

"இங்க தள்ளச் சொல்றீங்களா?" என்று உஷாராணி கேட்டார். குற்றம் சொல்கிற குரலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தங்கசாமி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரும்போது பஸ்ஸில் மணிமாறன் எழுதியதை மூன்று நாலு தடவை படித்து மனப்பாடம் செய்திருந்தார். இப்போது கையிலிருந்த அந்த நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. அதை அடிச்சுருங்க" என்றார் கடைசியில். "கீழ எழுதியிருக்கறதை மட்டும் பாருங்க. காலத்தைத்தான் கேக்கறேன். அவ இருக்கற வரைக்கும்."

"எழுதி வெக்கறேங்க. ஆனா அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. உங்க பக்கத்து வேலையைக் கடைசியா எடுத்துக்கச் சொல்றேன். அது மட்டும் என்னால முடியும்."

தங்கசாமி கும்பிட்டுவிட்டு வந்தார். உத்தரவு தபாலில் வந்தது. மனுதாரர் தெரிவித்த காரணம் பொதுத் தேவைக்கான திட்டத்தைப் பாதிக்கத் தக்கதல்ல, ஆகவே ஆட்சேபனை நிராகரிக்கப்படுகிறது. பாப்பாயியின் பெயர் அதில் இல்லை. மனைவியின் உடல்நிலை என்று மட்டும் இருந்தது.

சில மாதம் கழித்து இரண்டாவது அறிவிப்பும் வந்தது. அன்றிலிருந்து நிலம் சட்டப்படி அரசாங்கத்துடையது, இனி இழப்பீடு பேசுவதும் இடத்தை ஒப்படைப்பதும்தான் பாக்கி என்று மணிமாறன் போனில் சொன்னார். தங்கசாமி போனை வைத்துவிட்டு வந்து மரவள்ளியைப் பார்த்தார். வாடியிருந்தது. தண்ணீர் கட்டலாமா, கட்ட நமக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு யோசனை வந்தது. அப்புறம் மோட்டாரைப் போட்டார்.

வீட்டை மதிப்புப் போட பொதுப்பணித் துறையிலிருந்து ஆட்கள் வந்து டேப் வைத்து அளந்தார்கள். அவர்கள் போன பிறகு, அன்று ராத்திரி சாப்பிடும்போது தங்கசாமிக்கு ஒரு எண்ணம் வந்தது. ரயில்வே எடுத்தது போகக் கிழக்கே காடு மிச்சமிருக்கிறது. இதே வீட்டை, ஒரு அங்குலம் மாறாமல், அங்கே தூக்கிக் கட்டினால் என்ன. மதுமதிக்குப் போன் போட்டார்.

"அம்மா கண்டுபுடிச்சுருவாங்கப்பா" என்றாள் மதுமதி.

"கண்டுபுடிக்கறது கண்ணுதானே சாமி. கை கண்டுபுடிக்காது."

மறுநாளே கொத்தனார் செல்லமுத்துவைக் கூட்டிவந்தார். அந்த வீட்டைக் கட்டும்போது செல்லமுத்து கலவை கலக்கிக் கொடுக்கிற வேலையில் இருந்த பையன். இப்போது அவனுக்கே பேரப்பிள்ளைகள். பாப்பாயி அவனை வாசலில் பார்த்ததும், "வாடா செல்லமுத்து, இத்தனை நாளா எங்க போனே" என்றாள். பேத்தியின் பெயர் தெரியாதவளுக்கு இவன் பெயர் தெரிந்திருந்தது.

செல்லமுத்து அறை அறையாக அளந்தான். பாப்பாயி கூடவே போனாள். அடுப்படிச் சுவர் ஓரிடத்தில் ஒரு முழம் உள்வாங்கியிருந்தது.

"இங்க ஏனக்கா இப்படி உள்ள தள்ளி வெச்சீங்க?"

"கீழ பாறை வந்துருச்சல்லோ. நீதானே கடப்பாறையை ஒடைச்சே. உங்கப்பன் உன்னைய அடிக்க வந்தாரு, நாந்தான் குறுக்க நின்னேன்."

"ஆமாக்கா" என்றான் செல்லமுத்து. டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்படியே ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு போனாள். இந்த நிலை வேப்பமரம், அது மோகனூரிலிருந்து வண்டியில் வந்தது. இந்த மாடம் விளக்குக்கு என்று வைத்தது, காற்று அடித்து விளக்கு நிற்கவில்லை, அதனால் சீப்பு வைக்கிறேன். தங்கசாமி பின்னால் நடந்தார். எத்தனையோ வருஷம் குடியிருந்த வீட்டில் அவருக்கு இதில் எதுவும் தெரியாது. இதெல்லாம் நடந்தபோது அவர் ராய்ப்பூர் பக்கம் எங்கேயோ வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கிழக்கே வேலை நடந்தது. அங்கே பாறை இல்லை. இருந்தாலும் சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். செல்லமுத்து ஏன் என்று கேட்காமல் வைத்தான். கிணறு ரயில்வே பக்கம் போகிறதால் போர் போட வேண்டியிருந்தது. பழைய கூட்டாளிகள் ரிக் வண்டியோடு வந்தார்கள். எத்தனையோ ஊரில் பார்த்த தண்ணீர்தான், ஆனாலும் குழாயில் மண்புகை அடங்கிச் சேறும் தண்ணீருமாக வெளியே வந்தபோது தங்கசாமி குனிந்து அதில் கையை நனைத்தார்.

உஷாராணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மற்ற இடமெல்லாம் எடுத்து, மண் கொட்டி, மேடு கட்டி முடித்த பிறகுதான் இவருக்குக் கடைசி நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் கிடைத்து அறுபது நாளில் இடத்தை ஒப்படைக்க வேண்டும். அதை எடுத்து வந்ததும் சிவக்குமார்தான்.

மதுமதி வந்து அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிப்போனாள். அந்த இடைவெளியில் செல்லமுத்து கதவையும் நிலையையும் ஜன்னலையும் கூரை ஓடுகளையும் கழற்றிப் புது வீட்டில் மாட்டினான். அம்மிக்கல் அதே உயரத்தில் போய் உட்கார்ந்தது. சீப்பு மாடத்தில் சீப்பு இருந்தது.

இடிக்கிற அன்று தங்கசாமி ஒருவர்தான் இருந்தார். சிவக்குமார் கொஞ்ச தூரத்தில் பைக்கின் மேல் சாய்ந்து நின்றார். ஜே.சி.பி முதலில் கொட்டகையைத் தள்ளியது, பிறகு வீட்டுக்குத் திரும்பியது. ஓடும் கதவும் இல்லாத சுவர்கள் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை. அடுப்படி மூலை மட்டும் கொஞ்சம் நின்றது. பாதியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுகிற பையன் இறங்கி வந்து, "அய்யா, குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா" என்று கேட்டான்.

"இரு சாமி" என்று தங்கசாமி திரும்பி இரண்டு எட்டு நடந்தார். வாசற்படி இருந்த இடத்தில் செங்கல் குவியல். அங்கேயே நின்றுவிட்டார். சிவக்குமார் ஓடிவந்து தன் பையிலிருந்த பாட்டிலைப் பையனிடம் கொடுத்தார்.

பாப்பாயியைக் கூட்டிவந்த அன்று மதுமதியும் செல்லமுத்துவும் இருந்தார்கள். பாப்பாயி காரிலிருந்து இறங்கி உள்ளே போனாள். அடுப்படிக்குப் போனாள், கையைச் சுவரில் வைத்துக்கொண்டே திரும்பினாள், மாடத்துச் சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். கிணற்றடிக் கதவைத் திறந்தாள். அந்தப் பக்கம் கிணறு இல்லை, சோளக்காடு இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து தங்கசாமி பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊடு நல்லாக் கட்டியிருக்கறாங்க" என்றாள். "நம்ம ஊடு மாதிரியே இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள நம்ம ஊட்டுக்குப் போயிரலாமுங்களா?"

செல்லமுத்து எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது அவள் கிளம்பிவிடுவாள். புடவையை மாற்றிக்கொண்டு, பையில் சீப்பும் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். தங்கசாமி முதலில் இதுதான் நம் வீடு என்று சொல்லிப் பார்த்தார். அவள் அழுதாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். "வா, போலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, வேறு பக்கமாக வந்து அதே வாசலில் ஏற்றுவார். சில நாள், "அப்பாடா, வந்துட்டோம்" என்பாள். சில நாள், "இங்கயே எதுக்குங்க கூட்டிட்டு வாரீங்க" என்பாள். அந்த நாட்களில் இன்னொரு தடவை நடக்க வேண்டும்.

டாக்டர் சொன்னது சரியாகவே நடந்தது. தீப்பெட்டிக்குப் போகிற கை நின்றுபோனது. இழப்பீட்டுத் தொகை போதவில்லை என்று நடுவரிடம் கேட்கலாம், நல்ல கேஸ் என்று மணிமாறன் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அவளை விட்டுவிட்டு விசாரணைக்கு அலைய தங்கசாமியால் முடியவில்லை. அது அப்படியே போனது.

பங்குனி மாதம் ஒரு நாள் காலையில் மாட்டைக் கட்டிவிட்டு வந்து பார்த்தபோது பாப்பாயியைக் காணவில்லை. சோளக்காட்டில் தேடினார், ரோட்டில் தேடினார். எங்கே போயிருப்பாள் என்று அவருக்கு முதலிலேயே தெரியும். ஆனாலும் அங்கே கடைசியாகத்தான் போனார்.

பழைய வீடு இருந்த இடத்தில், ஜல்லி கொட்டிய மேட்டில், வடக்கத்திக் கூலியாட்கள் நாலைந்து பேர் தண்டவாளத்துக்கு அடியில் வைக்கிற கட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாப்பாயி ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலையில் வெயிலுக்கு யாரோ துண்டு போட்டுவிட்டிருந்தார்கள். கையில் பாதி டீ. தங்கசாமி ரிக்கில் கற்ற இந்தியில் அவர்களிடம் பேசினார். அதில் மூத்தவன் சொன்னான், அம்மா ரொம்ப நேரமாக இங்கேதான் இருக்கிறார், எங்களைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார் என்று புரிகிறது, எங்கே கூப்பிடுகிறார் என்றுதான் தெரியவில்லை.

தங்கசாமி அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். மரியாதையாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏனுங்க, நீங்க வடக்க போயி வாரவிங்களா? இந்தப் பாஷையெல்லாம் பேசறீங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"எங்கூட்டுக்காரரும் அந்தப் பக்கந்தானுங்க இருக்கறாரு. ரிக்கு வண்டில. பாத்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊட்டு வேலை முடிஞ்சுருச்சு, வந்து பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றார் தங்கசாமி.

"மறந்துராதீங்க."

"மறக்கமாட்டனுங்க."

வெயில் ஏறுகிறது, நிழலில் வந்து உட்காருங்கள் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிவர முடிந்தது. வந்தவள் கட்டிலின் ஓரத்தில், அடுத்த வீட்டுக்கு வந்தவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். அவர் சோறு போட்டுக் கொடுத்தபோது, "உங்க ஊட்டுல பொம்பளைங்க இல்லீங்களா, நீங்க எடுத்து வெக்கறீங்க" என்று வருத்தப்பட்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அவரைத் தெரிந்த நாட்கள் சிலதான் வந்தன. ஆவணியில் காய்ச்சல் கண்டு, அது நெஞ்சுக்கு இறங்கி, சேலம் ஆஸ்பத்திரியில் பாப்பாயி போய்ச் சேர்ந்தாள். கடைசி இரண்டு நாள் அவள் யாரையும் கூப்பிடவில்லை. தங்கசாமி அவள் காலை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் யாரென்று கேட்காமல் அதை வாங்கிக்கொண்டது அவருக்குப் போதுமாக இருந்தது.

காரியத்துக்கு ஊரே வந்தது. கருப்பண்ணன் அண்ணன் தம்பிகளோடு முதல் ஆளாக வந்து விறகு ஏற்றுவதிலிருந்து பந்தல் பிரிப்பதுவரை நின்றான். எல்லோரும் போன பிறகு, சேர்களை அடுக்கிக்கொண்டே சொன்னான்.

"லைன் எங்க பக்கமாத்தான் வரும்னு அப்ப ஒரு பேச்சுங்க. எங்கூட்டுல சோறே எறங்கல. எப்படியோ தப்பிச்சோம். உங்க பக்கம் வந்துருச்சு."

"ம்" என்றார் தங்கசாமி. "பந்தக்காரனுக்குக் காபி குடுத்தீங்களா?"

மதுமதி திருப்பூருக்கு வந்துவிடும்படி கூப்பிட்டாள். மாட்டைக் காரணம் சொல்லி அவர் போகவில்லை. அடுத்த வருஷம் புதுப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தைக் கடக்கிற பழைய ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், பால் ஊற்றுகிறவர்கள் சொசைட்டிக்கும் ரொம்ப தூரம் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பாதைக்கு அடியில் ஒரு சுரங்க வழி கேட்டு ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். எந்த ஆபீஸ், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்பது தங்கசாமிக்குத்தான் தெரியும் என்பதால், அவரே எடுத்துக்கொண்டு போனார்.

உஷாராணி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்த அதிகாரி மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, ரயில்வே தரப்பிலிருந்து யாரும் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார். தங்கசாமி சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகிற ராசிபுரம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கூட்டம் அதிகமாக இருந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.